கடற்கரை வீட்டில் செங்கல் பீட்சா அடுப்பு: நெருப்பைவிட உப்புக்குத்தான் பயப்பட வேண்டும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில் தென்னந்தோப்பு வீடு. துபாயில் வேலை பார்த்த உணவகத்தில் கண்டதுபோல, கவிழ்த்த சட்டி வடிவில் 42 இஞ்ச் உள்விட்டத்துக்கு ஒரு பீட்சா அடுப்பு கட்ட ஆசை. ஊர்க் கொத்தனார், "சூளைச் செங்கல் போதும், சிமெண்ட் கலவை போதும், மேலே கம்பி வலை கட்டிப் பூசிவிடலாம்" என்கிறார். அது சரிதானா, அடுப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எந்த விறகு, எப்போது வேலையைத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செங்கல் விஷயத்தில் கொத்தனார் சொன்னது பாதி சரி. சிமெண்ட் கலவையும் கம்பி வலையும் நம் கரைக்கு ஆகவே ஆகாது. இணையத்தில் கிடைக்கிற செய்முறைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்த் தட்பவெப்பத்துக்கு எழுதியவை. நெருப்பைத் தாங்குகிற வழியெல்லாம் அவற்றில் சரியாகவே இருக்கும். ஆனால் மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரையில் அடுப்பைத் தின்பது உப்பும் ஈரமும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஊர் தங்கச்சிமடம். தாத்தா கொழும்பில் போறணையில் பாண், அதாவது ரொட்டி, சுட்டவர். (பேக்கரி அடுப்பை இலங்கையில் போறணை என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது.) திரும்பி வந்து இங்கேயும் ஒன்று கட்டியிருந்தார். நான் சிறுவனாக இருந்தபோதே அது இடிந்துவிட்டது. அந்த ஞாபகத்தில் 2013இல் வீட்டுக்குப் பின்னால் நானே ஒன்று கட்டினேன். கலவைக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர், கழுவிய கடல்மணல், சாதாரண சிமெண்ட். மேலே கோழிக்கூண்டு வலை சுற்றி ஒரு இஞ்ச் பூச்சு. நாலு மாதம் அருமையாக எரிந்தது. அந்த ஐப்பசி மழையில் பூச்சு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. தையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கையால் இழுத்தேன், பூச்சு மீன் செதில்போலக் கழன்று வந்தது. உள்ளே வலை முழுக்கத் துரு. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு ஊதும், அந்த ஊதலே பூச்சைத் தள்ளிவிட்டது. கலவையில் நானே கலந்த உப்பும், வெளியிலிருந்து வந்த உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை. அதற்குப் பிறகு மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை பதினோரு அடுப்பு கட்டிக் கொடுத்திருக்கிறேன். கீழே எழுதுவது எல்லாம் அவற்றிலிருந்து எடுத்தது.

முதலில் அளவு. 42 வேண்டாம், வீட்டுக்கு 36 இஞ்ச் உள்விட்டம் தாராளம். ஓரத்தில் நெருப்பை ஒதுக்கிவிட்டு 10 இஞ்ச் பீட்சா இரண்டை ஒரே நேரத்தில் வைக்கலாம். 42க்குப் போனால் தளத்தின் பரப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும், உள்ளே சூடாக்க வேண்டிய இடம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். பத்துப் பேர் வரும் நாளுக்காகப் பெரிதாகக் கட்டி, நாலு பேர் சாப்பிடும் ஒவ்வொரு வாரமும் விறகைக் கொட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

36 இஞ்ச் அடுப்புக்கு உச்சியின் உயரம் உட்புறம் 18 இஞ்ச், அதாவது சரியான அரைக்கோளம். வாயின் உயரம் உச்சி உயரத்தில் 63 சதவீதம், நமக்கு 11⅓ இஞ்சை ஒட்டி வரும். இந்தக் கணக்கில் மட்டும் யார் சொன்னாலும் விலகாதீர்கள். அடுப்பு மூச்சுவிடுவது இந்த வாய் வழியாகத்தான். குளிர்ந்த காற்று வாயின் கீழ்ப்பாதியில் உள்ளே போகும், சூடான புகை மாடத்தை, அதாவது கவிழ்த்த சட்டிபோல வளைந்த கூரையை, ஒட்டி உருண்டு வந்து அதே வாயின் மேல்பாதியில் வெளியேறும். வாய் உயர்ந்தால் சூடு அப்படியே கொட்டிப் போகும். தாழ்ந்தால் காற்று போதாமல் புகையும். வாயின் அகலம் 18 இஞ்ச். புகைக்குழாய் மாடத்தின் உச்சியில் வரக்கூடாது. வாய்க்கு முன்னால், வெளி ஆர்ச்சில் வர வேண்டும். உச்சியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிற இரண்டு அடுப்பை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு எரித்தாலும் தளம் சூடேறவில்லை.

இடமும் திசையும். நம் கரையில் காற்று இரண்டு பக்கம்தான் பலமாக அடிக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து, மழைக்காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்து. இரண்டுக்கும் குறுக்கே வாயைத் திருப்ப வேண்டும், அதாவது தென்கிழக்கோ வடமேற்கோ. வீட்டுக்குத் தென்கிழக்கு மூலையில் அடுப்பைக் கட்டி, வாயை வடமேற்கே முற்றத்தைப் பார்த்து வையுங்கள். தென்மேற்குக் காற்றில் புகை வடகிழக்கே போகும், வாடையில் தென்மேற்கே போகும், இரண்டு காலத்திலும் வீட்டுக்குள் வராது. நம் பெரியவர்கள் அக்னி மூலை என்று சமையலுக்கு ஒதுக்கிய மூலையும் அதுவே என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இன்னொன்று, உங்கள் வீட்டுக் கொட்டகையோ அக்கம்பக்கத்து வீடோ கிடுகுக் கூரையாக இருந்தால் புகைக்குழாய் வாயில் கட்டாயம் எவர்சில்வர் வலைத் தொப்பி போடுங்கள். ஆடிக் காற்றில் ஒரு பொறி போதும்.

அடித்தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதை உங்கள் கொத்தனாரே நன்றாகச் செய்வார். எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னைத் தாண்டும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். மணல் தரை என்பதால் ஒரு அடி தோண்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, ஆறு இஞ்ச் ஜல்லிக் கான்கிரீட். அதன்மேல் மூன்று அடிச் சுவர், ஐந்துக்கு ஐந்தடி ஸ்லாப். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே 40 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். சென்ட்ரிங் போடும்போதே ஸ்லாப்பில் நாலு இடத்தில் அரை இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டுகளைச் செருகி ஓட்டை விடச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்பார். மேலே இறங்குகிற ஈரம் வடிய வேறு வழியில்லை என்று சொல்லுங்கள்.

தண்ணீரும் மணலும்தான் நம் ஊரின் தனிப் பிரச்சினை. அடித்தளத்திலிருந்து கடைசிப் பூச்சு வரை காவிரிக் குடிதண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் படக்கூடாது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரைக் கலவைக்கு ஊற்ற மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் செங்கல் ஊற வைக்கிற தண்ணீரில்கூட உப்பு இருக்கக்கூடாது. உப்புத் தண்ணீர் செங்கலின் கண்ணறைகளுக்குள் போய், காய்ந்ததும் படிகமாக வளரும், வளரும்போது செங்கலைப் பொரித்துத் தள்ளும். பழைய வீடுகளில் தரையை ஒட்டிச் செங்கல் அரித்துப் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். மணல், எம்-சாண்ட் போதும். பூச்சு எம்-சாண்ட் என்று கேட்டு வாங்கி ஒருமுறை சலித்துக்கொள்ளுங்கள்.

இடித்த பழைய வீட்டுக் கடற்பாறைக் கல் சும்மா கிடைக்கிறதே, அடுப்புக்கு வைக்கலாமா என்று ராமேஸ்வரத்தில் ஒருவர் கேட்டார். அது பவளப்பாறை. நம் முன்னோர் அந்தக் கல்லைச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுட்டால் சுண்ணாம்பாகிற கல்லை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. புதிதாகக் கடலிலிருந்து எடுப்பது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இனி செங்கல். தீச்செங்கல், கடையில் பயர் பிரிக்ஸ், 9க்கு 4½க்கு 3 இஞ்ச், ஒன்று நாலு கிலோ கனம் இருக்கும். தளத்துக்கும் மாடத்துக்கும் வாய்க்கும் சேர்த்து 36 இஞ்ச் அடுப்புக்கு 150 கல் வாங்குங்கள், உடைசலுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பணம் இடித்தால் தளத்துக்கு மட்டும் தீச்செங்கல் வாங்கிவிட்டு மாடத்தை நாட்டுச் செங்கலில் எழுப்பலாம். ஊர்ப் பேக்கரி அடுப்புகள் பல அப்படித்தான் நிற்கின்றன. கொத்தனார் பாதி சரி என்றது இதனால்தான். ஆனால் நல்ல சூளைச் செங்கலாகப் பொறுக்க வேண்டும். இரண்டைத் தட்டினால் மணிபோலக் கணீரென்று கேட்க வேண்டும். ஒரு கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீரில் போட்டுத் திரும்ப எடை பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் அந்தச் சூளைக் கல் வேண்டாம்.

கலவைக்கு ஏன் வெறும் சிமெண்ட் ஆகாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், கொத்தனாரிடம் நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். சிமெண்ட் இறுகும்போது உள்ளே நீற்றுச் சுண்ணாம்பு உருவாகிறது. சுமார் 450 டிகிரி செல்சியஸில் அது தண்ணீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சுட்ட சுண்ணாம்பில் ஈரம் பட்டால் என்ன ஆகும்? வெந்து, பொரிந்து, ஊதும். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியவர்களுக்குத் தெரியும். பீட்சா சுட்ட ராத்திரி அடுப்பு ஆறும்போது நம் கடற்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து இதையேதான் செய்கிறது. வறண்ட ஊரில் ஐந்து வருடத்தில் ஆகிற சேதம் இங்கே ஒரே பருவத்தில் ஆகிவிடும்.

நான் போடுகிற கலவை அளவுப் பங்கில் மூன்று மணல், ஒரு சிமெண்ட், ஒரு நீற்றுச் சுண்ணாம்பு, ஒரு பயர் கிளே (சூடு தாங்குகிற களிமண் தூள்). இதிலும் சிமெண்ட் இருக்கிறதே என்பீர்கள். கட்டுகிற வாரத்தில் கல்லைப் பிடித்து நிறுத்த மட்டும்தான் அது. சூடு ஏற ஏற அது வலுவிழக்கும், அதற்குள் சுண்ணாம்பும் களிமண்ணும் பொறுப்பேற்றுக்கொள்ளும். கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் வார்ப்பாலைகளுக்கு விற்கிற அலுமினேட் வகைப் பயர் சிமெண்ட்டே வாங்கிவிடுங்கள். கோயம்புத்தூரில் வார்ப்பாலைகள் நிறைய இருப்பதால் அங்கே சுலபமாகக் கிடைக்கும், பார்சலில் வரவழைக்கலாம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர்விட்டு அரைத்த காரையை மாடத்துக்குப் போடலாமா என்று ஆசையாகக் கேட்கிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் காரைமேல் மரியாதை அதிகம். ஆனால் நெருப்புப் பக்கம் அந்த இனிப்பெல்லாம் கருகிப் போகும். அதை வெளிப்பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதைவிட நல்லது கிடையாது.

ஸ்லாப்பின்மேல் நேராகத் தீச்செங்கல்லை அடுக்கிவிடாதீர்கள். நடுவே வெப்பத்தடுப்பு இல்லாவிட்டால் ஸ்லாப் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், தளம் ஆறிக்கொண்டே இருக்கும், பீட்சாவின் மேல் கருகி அடி வேகாமல் வரும். வெர்மிகுலைட் ஐந்து பங்கு, சிமெண்ட் ஒரு பங்கு கலந்து நாலு இஞ்ச் கனத்துக்குப் போடுங்கள். நர்சரிக் கடைகளில் செடிக்கு விற்கிறார்களே, அதே வெர்மிகுலைட். அது தண்ணீரை ரொம்பப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் பத்து நாளாவது வெயிலில் காயட்டும். அதன்மேல் சலித்த மணலும் பயர் கிளேயும் கலந்து மெலிசாகப் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தளக் கற்களைக் கலவையே இல்லாமல் ஒட்டி அடுக்குங்கள். வாய்க்கு 45 டிகிரி சாய்வாக வரிசை வர வேண்டும், அப்போதுதான் பீட்சாவை உள்ளே தள்ளுகிற துடுப்பின் நுனி கல் விளிம்பில் இடிக்காது. கலவை வேண்டாம் என்பதற்குக் காரணம், கல் சூட்டில் விரியவும் ஆறச் சுருங்கவும் இடம் வேண்டும். என்றாவது ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் பெயர்த்து மாற்றலாம்.

மாடம் எழுப்புவதுதான் இந்த வேலையின் உயிர். பள்ளிவாசல் குவிமாடம் கட்டிய கொத்தனார்கூட முதல் நாள் தயங்குவார், ஏனென்றால் அவர் கட்டியது கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். இது ஒரு கல் இன்னொரு கல்லை நெருக்கிக்கொண்டு நிற்பது. தளத்தின் நடுமையத்தில் ஒரு பலகையைப் பதித்து, அதில் கதவுக் கீலும் சுழலும் சக்கரமும் வைத்து ஒரு இரும்புக் குழாயைப் பொருத்துங்கள். மையத்திலிருந்து குழாயின் நுனி சரியாக 18 இஞ்ச். நுனியில் ஒரு எல் வடிவத் தகடு. எந்தக் கல்லை வைத்தாலும் குழாயைத் திருப்பி, கல்லின் உள்முகம் தகட்டில் உட்கார்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் வட்டமும் சரி, சாய்வும் சரி. வேறு அளவுகோலே வேண்டாம்.

கல்லை இரண்டாக வெட்டி அரைக்கல்லாகத்தான் வைக்க வேண்டும். டைமண்ட் பிளேடு போட்ட கட்டிங் மெஷின், கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள், மூக்குக்கு என்95 முகமூடி. செங்கல் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும், கைக்குட்டை கட்டினால் நிற்காது. வெட்டிய கல்லை நல்ல தண்ணீரில் முக்கி, குமிழ் வருவது நின்றதும் எடுத்து வையுங்கள். உலர்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது.

முதல் நாலு வரிசை சும்மா நிற்கும். ஐந்தாவதிலிருந்து கல் உள்பக்கம் சரியப் பார்க்கும். நைலான் வலைக்கயிற்றில் ஒரு நுனியில் கம்பிக் கொக்கி, மறு நுனியில் ஒரு செங்கல் துண்டு. கொக்கியைப் புதுக் கல்லின் உள்விளிம்பில் மாட்டி, துண்டை வெளியே மாடத்தின்மேல் தொங்கவிட்டால் அது கல்லை இழுத்துப் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் கலவை கவ்விவிடும், அடுத்த கல்லுக்குப் போகலாம். ஒரு வரிசையின் கடைசிக் கல்லை மரச்சுத்தியால் தட்டி நெருக்கி இறக்குகிற நொடி இருக்கிறதே, அதை நீங்களே கைவைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக ஆடும். வட்டம் பூட்டியதும் மொத்த வரிசையும் ஒரே கல்லாகிவிடும். தேவிபட்டினத்தில் என்னோடு வேலை செய்த கொத்தனார், ஏழாவது வரிசை பூட்டியதும் கொக்கிகளை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு முழங்கையை ஊன்றிப் பார்த்தார். அசையவில்லை. "சாரம் இல்லாம நிக்குதேண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கலவை உள்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தெரியக்கூடாது, வெளிப்பக்கம் ஆப்புபோல விரியும், பரவாயில்லை. செங்குத்துச் சந்துகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றி வர வேண்டும், வந்தால் கீழிருந்து மேல்வரை ஒரே கோடாகப் பிளக்கும். மொத்தம் ஒன்பது வரிசை வரும். மேலே போகப் போகக் கல்லின் பக்கங்களை ஆப்பாகச் செதுக்க வேண்டும். உச்சியின் கடைசி ஓட்டையைக் கீழே ஒட்டுப்பலகை முட்டுக்கொடுத்துப் பயர் சிமெண்ட்டில் வார்த்துவிடலாம். தினமும் வேலை முடிகிறபோது உட்புறத்தில் வழிந்த கலவையை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். மாடம் மூடிய பிறகு வாய் வழியாகக் கைவிட்டுத் துடைப்பது கஷ்டம்.

ஒன்று மறந்துவிடக் கூடாது. அரைக்கோள மாடத்தில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 டிகிரி வரை எல்லாம் நெருக்கம்தான். அதற்குக் கீழே கல் வெளியே விரியப் பார்க்கும். நம் கணக்கில் அது கீழ் நாலு வரிசை. அவற்றைச் சுற்றி வெளியே ஒரு செங்கல் வரிசை அண்டக் கட்டிவிடுங்கள். பல அடுப்புகளில் கீழிருந்து மேலே ஓடுகிற வெடிப்பு இந்த முட்டு இல்லாததால் வருவது.

வாய் ஆர்ச்சையும் புகைக்குழாய் வருகிற வெளி ஆர்ச்சையும் மாடத்தோடு இறுகக் கட்டாதீர்கள். நடுவே சூடு தாங்குகிற செராமிக் கயிறு வைத்து ஒரு விரல் இடைவெளி விட வேண்டும், மாடம் விரிகிற அளவுக்கு ஆர்ச் விரியாது. குழாய் 6 இஞ்ச் விட்டம், மூன்று அடி உயரம். சாதாரண இரும்புக் குழாய் இங்கே சீக்கிரம் ஓட்டை விழுந்துவிடும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தார்கள் என்று தீவுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எவர்சில்வரில் 304 என்கிற ரகம் போதும், கடல் சாரல் படுகிற இடம் என்றால் 316. அதுவும் முடியாவிட்டால் செங்கல்லிலேயே புகைபோக்கி எழுப்பிவிடுங்கள்.

மாடத்தின்மேல் சூடு வெளியே போகாமல் தடுக்கிற ஒரு இஞ்ச் செராமிக் போர்வையை இரண்டு சுற்று, முடிந்தால் மூன்று. அது கண்ணாடி இழைபோலத் தோலைக் குத்தும், மூச்சில் போனால் கேடு. முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போட்டுக்கொண்டு விரியுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அதன்மேல் கம்பி வலைக்குப் பதிலாக, பூச்சுக்கு விற்கிற பைபர் வலை. அது துருப்பிடிக்காது. மேலே வெர்மிகுலைட்டும் சுண்ணாம்பும் கலந்து இரண்டு இஞ்ச் பூச்சு. அதற்கு மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பு வெள்ளையடித்தாலே போதும். பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மழை உள்ளே போகாது என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். ஈரம் எப்படியும் உள்ளே போகும், பெயின்ட் அடித்தால் வெளியே வர முடியாது. உச்சியில் பூச்சினூடாக ஒரு சின்னக் குழாய் வைத்து ஆவி போக வழி விடுங்கள். இவ்வளவுக்கும் மேலே ஓட்டுக் கூரையோ அலுமினியத் தகடு போட்ட கூரையோ கட்டாயம் வேண்டும். ஓலைக் கொட்டகை வேண்டாம்.

கட்டி முடித்ததும் ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள். பிறகு ஆறேழு நாள் சின்ன நெருப்பு. முதல் நாள் நாலு சுள்ளி, உள்ளே 100 டிகிரியைத் தாண்டாமல் நாலைந்து மணி நேரம். அதன்பிறகு தினம் 50 டிகிரி கூட்டுங்கள். துப்பாக்கி மாதிரிச் சூடு அளக்கிற கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டராக விரியும். அந்த ஆவி கல்லுக்குள் அடைபட்டால் மாடமே வெடித்துவிடும். மூன்றாம் நாள் உச்சிக் குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி வரும், பூச்சில் உள்ளங்கையை வைத்தால் ஈரமாக ஒட்டும். அதைப் பார்த்துப் பயந்து நெருப்பைக் கூட்டிவிடாதீர்கள், அது வர வேண்டியதுதான். ஆவி நின்று பூச்சு நன்றாக உலர்கிற நாள்வரை பொறுங்கள். மயிரிழை வெடிப்பு எல்லா அடுப்பிலும் வரும். நகம் நுழைந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

விறகுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. சீமைக்கருவேலம் கனமான கட்டை, நின்று எரியும், நல்ல கங்கு கொடுக்கும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் அதையே மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். வெட்டி ஆறு மாதமாவது காய்ந்த கட்டையாக, மணிக்கட்டு கனத்தில் பிளந்து வையுங்கள். பற்றவைக்கத் தென்னம்பாளையும் பன்னாடையும் தோப்பிலேயே இருக்கிறது. உடைந்த வள்ளத்தின் பலகையும் கடலில் ஒதுங்கிய மரமும் மட்டும் வேண்டவே வேண்டாம். படகுப் பெயின்ட் நஞ்சு, உப்பு ஊறிய மரத்தை எரித்தால் அந்தப் புகையும் நஞ்சு. அதில் சாப்பாடு செய்யக்கூடாது.

எரிக்கத் தொடங்கியதும் மாடம் உள்ளே கன்னங்கரேல் என்று கரி பிடிக்கும். ஒரு மணி, ஒன்றரை மணியில் உச்சியில் ஒரு காசு அளவு வெளுப்பு தெரியும், அது அப்படியே கீழே இறங்கிப் பரவும். கரி தானே எரிந்து செங்கல் பளிச்சென்று தெரிகிறபோது அடுப்பு தயார் என்று அர்த்தம். நேப்பிள்ஸ் முறைக்குத் தளம் 400ஐ ஒட்டியும் மாடம் 480ஐ ஒட்டியும் இருக்க வேண்டும், பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். பெரிய கொழுந்தை ஓரமாக ஒதுக்கி, அது மாடத்தை நக்கிக்கொண்டு நடுவரைக்கும் வளைந்து வரும்படி வைத்துக்கொண்டால் மேலும் கீழும் ஒன்றுபோல வேகும்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டீர்கள். தை பிறந்ததும் அடித்தளம், மாசி பங்குனியில் மாடம், சித்திரை வெயிலில் அடுப்பைக் காய வைக்கிற சின்ன நெருப்பு. ஐப்பசிக்கு முன்னால் கூரையும் வெள்ளையும் முடிந்திருக்க வேண்டும். இப்போதே அவசரப்பட்டு மழைக்குள் மாடத்தைத் திறந்தபடி விட்டால் வெர்மிகுலைட் குடித்த தண்ணீரை வெளியேற்றவே இரண்டு மாதம் ஆகும்.

எல்லாம் முடிந்து முதல் தடவை முழுச் சூடு ஏற்றியதும் உடனே பீட்சா போடாதீர்கள். கங்கை வாரி வெளியே எடுத்து, தளத்தை ஈரத்துணி சுற்றிய கழியால் துடைத்து, வாயை மூடி, சூடு 230க்கு இறங்கும்வரை விடுங்கள். பிறகு ஆறு சின்னப் பாண் உருண்டைகளைத் தளம் முழுக்கப் பரத்தி வைத்துச் சுட்டுப் பாருங்கள். எது எங்கே சிவந்தது, எது வெளிறிப் போனது என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் உங்கள் தளத்தில் எந்த மூலை சூடு, எந்த மூலை மந்தம் என்று தெரிந்துவிடும். தாத்தா புதுப் போறணையை அப்படித்தான் சோதிப்பாராம்.